பரீட்சைக்குப் போகிறேன்

அண்ணை,

காலை ரெயிலில் கொழும்புக்குப் போகிறேன். கலையும் பொருளியலும் சேர்த்துப் படித்த பட்டத்தின் கடைசிப் பரீட்சை நாளைக்குத் தொடங்குகிறது. அது தெரிந்தும் இன்றைக்குப் பெண் பார்க்க ஆட்களை வரச் சொல்லியிருக்கிறீர்கள்.

நேற்று நீங்கள் தரகரோடு கதைத்தது அறைக்குள் கேட்டது. "தங்கச்சி படிப்பை இடையிலை விட்டிட்டாள், இப்ப வீட்டிலைதான் நிக்கிறாள்." மாப்பிள்ளை பத்தாம் வகுப்போடு நின்றவராம். அவருடைய மனம் கோணக்கூடாது என்று, நான் படித்த வருசங்களையே இல்லையென்று ஆக்கிவிட்டீர்கள்.

வருகிறவர்களுக்குப் பயற்றம்பணியாரம் பிஸ்கற் ரின்னுக்குள் இருக்கிறது. நல்ல கோப்பைகள் பூட்டின அலுமாரிக்குள். திறப்பு சாமிப்படத்துக்குப் பின்னால். நான் எங்கே என்று கேட்டால் பரீட்சை எழுதப் போய்விட்டாள் என்று சொல்லுங்கள். சொல்ல வெட்கமென்றால் அவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மகாதேவி

இருமல் மருந்து அடுப்படித் தட்டில். சாப்பிட்ட பிறகு குடியுங்கோ.

அப்பா செத்த பிறகு மழையிலும் என்னைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர் நீங்கள். உங்கள் வாயால் அப்படிச் சொல்ல எப்படி மனம் வந்தது? ரெயிலில் படிக்கவென்று புத்தகம் எடுத்திருக்கிறேன். ஒரு பக்கமும் படிக்கமாட்டேன், இதைத்தான் யோசித்துக்கொண்டு போவேன்.