நீ சொல்லாத ஆமாம்

இன்று காலை வகுப்புக்கு வந்து டேப்லெட்டைத் திறந்தேன். திரையில் நீ சிரித்தாய். "வணக்கம் டீச்சர், இன்னைக்கு உங்க வகுப்புக்கு என்ன செய்யலாம்?" என்று உன் குரல் கேட்டது. நீ செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் பயந்திருந்தால்கூட உனக்கு மரியாதையாக இருந்திருக்கும். எனக்கு வந்தது கோபம்தான்.

உன் கம்பெனிக்காரர்கள் உன் பழைய பயிற்சி வீடியோக்களிலிருந்து குரலை எடுத்து, டீச்சர்களுக்கு வழிகாட்டுகிற ஏஐ ஆக்கிவிட்டார்கள். உன் நினைவாகவாம். போன் செய்து சத்தம் போட்டேன். உன் வீட்டில் கேட்டுத்தான் வைத்தோம் என்றான் ஒரு தம்பி. நல்ல வார்த்தைதானே மேடம் பேசுகிறது என்றும் சொன்னான். "அவ நல்ல வார்த்தை பேசுறவ இல்ல தம்பி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நாம் இரண்டு பேரும் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரே பஸ்ஸில் திருச்சுழிப் பக்கம் வேலைக்குப் போய்வந்தவர்கள். ஜன்னல் சீட்டை நீ ஒருநாளும் எனக்கு விட்டதில்லை. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது, பைத்தியமா என்று கேட்டேன். கோடிங் தெரியாத டீச்சரும் தன் வகுப்புக்குத் தானே ஒரு ஏஐ உதவியாளரைச் செய்துகொள்ள வேண்டும், எந்தப் பாடம், எப்படிப் பேச வேண்டும் என்று தமிழில் எழுதினால் போதும், அப்படி ஒன்றை வடிவமைக்கப்போகிறேன் என்றாய். செய்தும் காட்டினாய். முதலில் செய்துபார்த்தவளே நான்தான். நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைகள் கேட்கிற சந்தேகத்துக்கு அது பதில் எழுதும். நான் படித்துப் பார்த்து 'அனுப்பு' என்று தட்டினால்தான் பிள்ளைகளுக்குப் போகும்.

அந்த 'அனுப்பு' பட்டனைத்தான் நீ பிறகு எடுத்துவிட்டாய், பதில் நேராகப் பிள்ளைகளுக்கே போக ஆரம்பித்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டதற்கு, "டீச்சருக்கு ஏது நேரம்? ரெண்டு தடவ தட்டச் சொன்னா மூணாவது தடவ மூடிட்டுப் போயிருவாக" என்றாய். எல்லாம் ஈஸியாக இருக்க வேண்டும் உனக்கு. யாருக்கு ஈஸி என்று நான் கேட்டால் மட்டும் காது கேட்காது.

பிறகுதான் செல்வியின் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். செல்வி என் வகுப்புப் பிள்ளை. மழைக்கு முன்னால் விதைக்கலாமா என்று அந்த ஏஐயிடம் கேட்டிருக்கிறாள். கூடாது, காய்ந்த மண்ணில் போட்டால் விதை வீணாகும், ஈரம் வந்த பிறகே விதைக்க வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. இந்தக் கரிசலில் மழையை நம்பிப் புழுதியில் விதைக்கிற அப்பாவிடம், சொந்தக்காரர்கள் நாலு பேர் முன்னால், நீங்கள் செய்வது தப்பு என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டாள்.

அவர் கோபப்படவில்லை. "எங்க அப்பன் காலத்துல இருந்து புழுதியிலதான் போடுறோம். தப்புன்னு நீங்க சொன்னீகளா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு மேலே என் பெயர், என் போட்டோ. நான் சொல்லவில்லை, மெஷின் சொன்னது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நம்பவில்லை. அந்த ஊரில் என் வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருந்தது, அதைச் சம்பாதிக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியும்.

உடனே உனக்குப் போன் போட்டேன். "ஒரு பதிலு தப்பா வந்ததுக்கு இந்தக் குதி குதிக்கிற. எல்லாப் பதிலையும் உக்காந்து பாக்கப் போறியாக்கும்?" என்றாய். பார்க்கப் போகிறேன், அந்தப் பட்டனைத் திரும்ப வை என்றேன். முடியாது என்றாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு மதுரை ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்து நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் டீச்சர்களின் வேலையை நீ எவ்வளவு சுலபமாக்கினாய் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்திருந்தால் அங்கேயே சண்டை வந்திருக்கும்.

இன்றைக்கு உன் படத்தைப் பார்த்ததும் அந்த ஆத்திரம் அப்படியே கிளம்பியது. டீச்சர் பார்க்காமல் எந்தப் பதிலும் பிள்ளைகளுக்குப் போகக் கூடாது என்று டேப்லெட்டில் எழுதினேன். "நீங்க சொல்றது ரொம்பச் சரி டீச்சர்" என்றது உன் குரல். எத்தனை நாள் தொண்டை வற்றக் கத்தியும் உன் வாயிலிருந்து வராத வார்த்தை. பிறகு வேண்டுமென்றே மாற்றி எழுதினேன். டீச்சர் பார்ப்பதெல்லாம் வெட்டி வேலை, நேராக அனுப்பிவிடலாம் என்று. "அதுவும் சரிதான் டீச்சர்" என்றது, அதே சிரிப்போடு.

நீ எதிரில் உட்கார்ந்திருந்தால் முதல் வரியிலேயே என்னோடு மல்லுக்கு நின்றிருப்பாய். என் பெயரில் நான் சொல்லாததைச் சொன்னார்கள். இப்போது உன்னையும் அப்படிப் பேச வைக்கிறார்கள். மத்தியானம் கம்பெனிக்கு எழுதிவிட்டேன்: அவள் பார்க்க முடியாத பதிலை அவள் குரலில் அனுப்பாதீர்கள், எடுக்கும்வரை விடமாட்டேன் என்று. உன் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லப்போகிறேன்.

இதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ செய்தது தப்புதான், இன்றைக்கும் சொல்வேன். அதற்கு, போடி என்று எதிர்த்துப் பேச எனக்கு நீதான் வேண்டும்.