அடுப்பருகே நின்ற அம்மா

டோலிடோ, மார்ச் 3

அன்புள்ள ஜோலின்,

கிறிஸ்துமஸ் அட்டையை விட்டால், உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கணினி விளையாட்டுக்குள்ளேயே எழுதிப் பழகிவிட்டோம். இனி அந்த வழி இல்லை. போனில் எனக்குப் பேச்சே வராது, உனக்குத்தான் தெரியுமே.

சொன்னபடி ஒன்றாம் தேதி விளையாட்டுச் சந்தாவை நிறுத்திவிட்டேன். மாதம் பத்து டாலர் பதினைந்தாகி, இப்போது இருபத்து மூன்று! நமக்கு வேண்டியது ஒரே ஒரு பண்ணை. அதற்குக் கம்பெனிக்காரர்கள் யாரும் தொடாத நூறு விளையாட்டுகளைத் தலையில் கட்டுகிறார்கள். "படிப்பையும் விட்டுட்ட, இது வேறயா?" என்றார் அப்பா.

"எல்லாரும் ஒரே நாள்ல நிறுத்துனா அவனுங்க தானா வழிக்கு வருவானுங்க" என்றாயே, வந்தார்களா?

சாயங்காலம் நகரவே மாட்டேன் என்கிறது. எழுது.

உன் மார்னி

நாக்ஸ்வில், மார்ச் 25

அடியே மார்னி,

நான் நிறுத்தவில்லை. ஊரையெல்லாம் கிளப்பிவிட்டு நான் மட்டும் பின்வாங்கிவிட்டேன். நன்றாகத் திட்டு.

நம் பண்ணையில் என் அம்மா கட்டிய வீடு நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அம்மா ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போனாள். அவளுடைய உருவம் இன்னும் ரொட்டித் தட்டோடு அடுப்பருகே நிற்கிறது. அம்மா இறந்த பிறகு தினமும் நான் அங்கே போய் நின்றிருக்கிறேன். உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

இப்போது கதவு திறக்கவில்லை. "உரிமையாளரின் சந்தா முடிந்தது. மார்ச் 31 அன்று இந்த உலகம் அழிக்கப்படும்" என்று வருகிறது. பண்ணை உன் பெயரில் இருப்பதை மறந்தே போனேன்.

இந்த உறைக்குள் இருபத்து மூன்று டாலர் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு மாதம் திறடி. அம்மாவை ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். அவ்வளவுதான்.

ஜோலின்

டோலிடோ, ஏப்ரல் 2

அன்புள்ள ஜோலின்,

உன் கடிதம் முப்பதாம் தேதி வந்தது. உடனே அந்தப் பணத்தோடு சந்தா கட்டக் கடைக்கு ஓடினேன். "நிறுத்திட்டுத் திரும்பி வர்றவங்களுக்கு முப்பது டாலர், கண்ணு. ஏழு குறையுது" என்றார் கடைக்காரர். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற யாரோ ஒரு பெண்மணி, "நான் தரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வேலை முடிந்து வந்த அப்பா என் முகத்தைப் பார்த்தார். "என்னடி ஆச்சு? பணம் எதாச்சும் வேணுமா?"

"ஒண்ணுமில்லப்பா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

மறுநாள் காலை உண்டியலை உடைத்து, முப்பது டாலரையும் அந்தச் சில்லறையிலேயே எண்ணிக் கொடுத்துச் சந்தாவைக் கட்டினேன். திரையில் நம் பண்ணை இல்லை; "புதிய உலகம் தொடங்குக" என்று ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. அன்று முழுக்க நேரம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

உன் இருபத்து மூன்று டாலர் அப்படியே இதற்குள் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சந்தாவை நிறுத்தும் முன், பண்ணையில் அடுப்பருகே நின்ற உன் அம்மாவிடம் போனேன். முதல் முறையாக மைக்கைப் போட்டு, வாய்விட்டு, "போய்ட்டு வரேங்க" என்றேன். பதில் சொல்ல முடியாதவரிடம் மட்டும் எனக்குப் பேச்சு வந்தது. மன்னித்துவிடு.

மார்னி

டோலிடோ, மே 6

அன்புள்ள ஜோலின்,

ஏப்ரலில் எழுதிய கடிதம் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. "அனுப்பியவருக்கே" என்று உறைமேல் இருப்பது உன் கையெழுத்துதான். என் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பாய். பண்ணை அழியும்வரை நான் சும்மா இருந்துவிட்டேன் என்று நினைத்தாயோ?

நானும் பிரிக்கவில்லை. உன் பணம் அதற்குள்தான் இருக்கிறது. எப்போது கேட்டாலும் அனுப்புகிறேன்.

மார்னி