பதினொன்றாம் பக்கத்தில் தேதி இல்லை

நைட் டியூட்டி முடிந்து தூங்குகிறாய், எழுப்ப மனசு வரவில்லை. சாப்பாடு அடுப்பின் மேல் மூடி இருக்கிறது.

நம் புது வீட்டின் ஒப்பந்த நகல் கூரியரில் வந்துவிட்டது. பில்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட அன்று, பதினொன்றாம் பக்கத்தில் வீட்டை ஒப்படைக்கும் தேதி காலியாக இருப்பதைப் பார்த்து நீ, "இத எழுதி, ஒரு காப்பிய இப்பவே குடுங்க" என்றாய். நான்தான் மேஜைக்கடியில் உன் காலை மிதித்து வாயை அடைத்தேன். "டைப் பண்ணி அனுப்பிடுறோம் சார்" என்று அவர்கள் சொன்னதை அப்படியே நம்பினேன்.

அந்த இடத்தில் இப்போது, "கட்டுநர் அறிவிக்கும் நாளில்" என்று அடித்திருக்கிறார்கள். கீழே நம் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது.

பதினோரு மணிக்கு வீட்டுக்காரர், இங்கே குடிவரப் போகிறவர்களை அழைத்து வருவார். இந்த மாதக் கடைசியில் காலி செய்வதாக எழுதிக் கொடுத்த அவசரக்குடுக்கையும் நான்தான். அலாரம் வைத்திருக்கிறேன். சாவி ஆணியில்.

நகல் ஃப்ரிட்ஜ் மேல். சாப்பிட்டுவிட்டுப் படி.

பி.கு.: இன்னும் கொஞ்ச நாள் இருந்துகொள்கிறோம் என்று வீட்டுக்காரரிடம் காலையில் போனில் கெஞ்சினேன், முடியாது என்றார். நீ ஒருமுறை கேட்டுப் பார். உன் காலை மிதிக்க இன்று நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.