அப்பாவின் மஞ்சக் கடுதாசி

லாரியை நிறுத்துவதற்கு முன்பே என் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடும் என் அப்பாவுக்கு,

உங்கள் மகள் தனம் எழுதுகிறேன். நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. திதி தவிர வேறெதற்கும் உங்களைத் தொந்தரவு செய்ததில்லை. இப்போது முடியவில்லை. ரெட்டிபாளையம் வீட்டைக் காலி செய்யச் சொல்லி அம்மாவுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது.

அனுப்பியவர் யார் தெரியுமா? உங்கள் இரண்டு லாரிக்கும் கடனுக்கு டயர் கொடுத்த ஜெயங்கொண்டத்துக்காரரின் மகன். அந்தப் பெரியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய பீரோவைக் குடைந்தபோது உங்கள் திவால் மனுவின் நகல் கிடைத்ததாம். கோர்ட்டில் கொடுத்த சொத்துப் பட்டியலில் நீங்களே வீட்டையும் எழுதியிருக்கிறீர்களாம். அதனால் அது கடன் கொடுத்தவர்களுக்குச் சேர வேண்டிய வீடாம், அம்மா சும்மா குடியிருக்கிறாளாம். பதினைந்து நாள் கெடு. அதில் பதினொன்று போய்விட்டது.

அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. என்னோடு வந்துவிடு என்றேன். “மருமவன் வூட்டுல போயி சாவச் சொல்றியா? லாரி போச்சு, மனுசனும் போயிட்டாரு. இந்த வூடு ஒண்ணுதான்டி மிச்சம்” என்றாள்.

நம் பக்கத்தில் திவால் என்று யாரும் சொல்வதில்லை. படித்தவர்கள் “ஐ.பி. போட்டுட்டாரு” என்பார்கள், மற்றவர்கள் “மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாரு” என்பார்கள். நான் வரதராஜன்பேட்டைக்கு வாழப் போய் இரண்டாவது வருடம், மூத்தவன் வயிற்றில் இருந்தான். என் மாமியார் சோறு போட்டுக்கொண்டே, “உங்கப்பா ஊருக்கெல்லாம் மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாராமே, நமக்கு ஒண்ணும் வரலியா?” என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு உங்கள் மேல் வந்த ஆத்திரம் லேசில் தீரவில்லை. அதற்கு ஆறு மாதம் முன்புதானே என் கழுத்துச் சங்கிலியை, “ஒரு மாசத்துல மூட்டுக் குடுத்துடறேன்டா தங்கம்” என்று அடகு வைக்க வாங்கிக்கொண்டு போனீர்கள்?

சரி, அதை விடுங்கள். நோட்டீஸுக்குப் பதில் எழுத வேண்டுமென்றால் உங்கள் மனு கடைசியில் என்ன ஆனது என்று தெரிய வேண்டும். கோர்ட்டுக் காகிதமெல்லாம் எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் சுவரைப் பார்த்தாள். “அவரு போன வருசம் போகியில போட்டு எரிச்சோமே” என்றாள்.

எரிச்சோம் என்றால் நானும்தான். கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தத் தகரப் பெட்டியை இழுத்துக் கொடுத்ததே நான். “இந்தச் சனியன் வூட்டுல இருந்தாத் தலயெடுக்க முடியாதுடி” என்று அம்மா ஒவ்வொரு தாளாகப் போட்டாள், நான் குச்சியால் கிளறிவிட்டேன். வீட்டைக் காப்பாற்றக்கூடிய காகிதம் அதில் இருந்திருந்தால் நன்றாக எரிந்திருக்கும். மழை பெய்தும் அணையவில்லை.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். பேட்டையில் ஜெராக்ஸ் கடை. ஊருக்கெல்லாம் பட்டாவும் வில்லங்கமும் சாதிச் சான்றிதழும் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுக்கிறவள் நான். உங்கள் காகிதத்தையும் எடுத்துவிடலாம் என்று திமிராகத்தான் உட்கார்ந்தேன். கோர்ட்டு வெப்சைட்டில் பெயரைப் போட்டுத் தேடலாம். போட்டேன். மாவட்டம் கேட்டது, எந்தக் கோர்ட்டு என்று கேட்டது, வருடம் கேட்டது. குத்துமதிப்பாகப் போட்டதில் எத்தனையோ கோவிந்தராசுகள் வந்தார்கள். ஒருவர் வரப்புத் தகராறு, ஒருவர் ஜீவனாம்சம். ஜீவனாம்சத்துக்காரர் நீங்கள் இல்லையே? அம்மாவிடம் சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை. உங்கள் காலத்து வழக்கெல்லாம் அதில் ஏறவில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது.

நேரிலேயே அரியலூர் கோர்ட்டுக்குப் போனேன். நகல் கேட்கும் இடத்தில் இருந்தவர் தன்மையாகத்தான் பேசினார். “ஐ.பி. நம்பர் சொல்லுங்கம்மா.” தெரியாது. “வருசம்?” என் மூத்தவன் வயிற்றில் இருந்த வருடம் என்றேன். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்ப நாம எந்த மாவட்டம்?” என்று பக்கத்து மேசையைக் கேட்டார். அங்கே ஒரு சின்னப் பட்டிமன்றமே நடந்தது. நாம் வீட்டைவிட்டு நகரவே இல்லை அப்பா, மாவட்டம்தான் நகர்ந்துகொண்டிருந்தது. திருச்சி என்றார்கள், பெரம்பலூர் என்றார்கள், அரியலூர் என்றார்கள், திரும்பவும் பெரம்பலூர், திரும்பவும் அரியலூர். உங்கள் மனு இதில் எந்த நிறுத்தத்தில் இறங்கியது என்று நான் யாரிடம் கேட்பது?

அம்மாவுக்குத்தான் திடீரென்று ஞாபகம் வந்தது. “அந்த மாசம் பூரா பெரம்பலூர் பெரம்பலூர்னு போயிட்டு வந்தாரு. பிரேக் டிரம் வாங்கப் போறேம்பாரு. ஒரு டிரம்மும் வூட்டுக்கு வரல.” மறுநாளே பெரம்பலூர் பஸ் ஏறினேன்.

அங்கே முருகையன் என்று ஒரு வக்கீல் குமாஸ்தா கிடைத்தார். தலையெல்லாம் நரை, சட்டைப் பையில் நாலு பேனா. முதல் கேள்வியிலேயே என்னைத் திருத்தினார். “சிவில் கேஸ் புஸ்தகத்துல தேடிட்டு வந்துட்டு இல்லைம்பாங்க எல்லாரும். ஐ.பி.க்குன்னு தனிப் புஸ்தகம் உண்டும்மா. அதுல தேடச் சொல்லி மனு எழுதுங்க. அப்பா பேரு, அவுங்க அப்பா பேரு, ஊரு, தொழிலு. நம்பர் தெரியலன்னா முன்னாடி ஒரு வருசம் பின்னாடி ஒரு வருசம் சேத்துப் போடுங்க.” ஸ்டாம்பு ஒட்டி எழுதிக் கொடுத்தேன். தொழில் என்ற இடத்தில் லாரி உரிமையாளர் என்று எழுதும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தே எத்தனை வருடம் ஆகியிருந்தது.

நான்கு நாள் அலைந்தேன். ஐந்தாம் நாள் கிடைத்துவிட்டது. புத்தகத்தில் உங்கள் பெயரைப் பார்த்ததும் ஏதோ பள்ளிக்கூட ரிசல்ட்டில் பார்த்ததுபோல் முருகையன் கையைப் பிடித்துக்கொண்டேன். நம்பரை வைத்துக் காகிதக் கட்டைத் தேடி, நகல் போட்டுக் கொடுத்தார்கள். கோர்ட்டு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே படித்தேன்.

டயர்க்கடைக்காரர் மகன் பொய் சொல்லவில்லை அப்பா. சொத்து விவரம் என்று போட்டு, ரெட்டிபாளையம் ஓட்டு வீடு, கொல்லைக் கிணற்றில் பாதிப் பங்கு என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறீர்கள். முருகையன் தலையில் கையை வைத்துக்கொண்டார். “மனு போடறதுக்கு முன்னாடியே வூட்டப் பொண்டாட்டி பேருக்கு மாத்திட்டுத்தான் எல்லாரும் வருவாங்க. உங்கப்பா என்னம்மா இப்புடி?” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. யாருக்காக இந்த நேர்மை? ஊர் உங்களை ஏமாற்றுக்காரன் என்றுதானே கடைசிவரை சொன்னது?

அடுத்த தாள் நீங்கள் யாருக்கெல்லாம் தர வேண்டும் என்ற பட்டியல். டயர்க்கடை, டீசல் பங்க், பைனான்ஸ்காரர், ஒர்க்‌ஷாப். பெயருக்கு நேராகத் தொகை மட்டும். கடைசியில் ஒரு வரி. தனலட்சுமி, மகள், வரதராஜன்பேட்டை. ஏழு பவுன் சங்கிலி, முறுக்கு மாடல், முகப்பில் சிவப்புக் கல்.

அந்தச் சங்கிலியைப் பற்றி ஆஸ்பத்திரியில் படுக்கும்வரை நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமியார் வீட்டில் நான் எத்தனை பேச்சு வாங்கினேன் என்று உங்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு வருவீர்கள், பழம் வைத்துவிட்டு என் கழுத்தைப் பார்க்காமல் போய்விடுவீர்கள். மறந்தே போய்விட்டீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பெற்ற பெண்ணிடம் சொல்லாததைக் கோர்ட்டில் போய்ச் சொல்லியிருக்கிறீர்கள்.

நான் அழுததைப் பார்த்து முருகையன் சங்கடப்பட்டார். நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது. “சொந்தக்காரங்க பேரச் சேக்கறது வழக்கந்தாம்மா. கடன்காரங்க கூடுனா மத்தவங்க பங்கு கொறையும்ல. வக்கீலுங்களே சொல்லிக் குடுப்பாங்க.” அப்படித்தானா அப்பா? அப்படியென்றால் முகப்புக் கல்லின் நிறத்தை எதற்கு எழுதினீர்கள்? இல்லை, நம்ப வைக்கத்தான் அதையும் எழுதினீர்களா? வீட்டை மறைக்கத் தெரியாதவர் இதில் மட்டும் சூது பண்ணியிருப்பீர்களா? இதையெல்லாம் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

இத்தனைக்கும் முக்கியமான தாள் இன்னும் வரவில்லை. மனுவைக் கோர்ட்டு ஏற்றுக்கொண்டதா, தள்ளியதா, வீட்டை என்ன செய்யச் சொன்னது என்ற கடைசி உத்தரவு. அது அடுத்த புத்தகத்தில் இருக்குமாம். மாவட்டம் பிரிந்தபோது அந்த வருடத்துப் புத்தகங்கள் அரியலூர் போயிருக்கலாமாம். அரியலூரில் எழுதிக் கொடுத்தேன். “தேடுனாக் கிடைக்கும்மா, ஆனா நாளாவும்” என்றார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன், அலமாரி அலமாரியாக இருக்கிறது. எனக்குத்தான் நாள் இல்லை.

பெரம்பலூரில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். என்னைவிடச் சின்னப் பெண், கெட்டிக்காரி. எல்லாவற்றையும் படித்துவிட்டு, “கடைசி உத்தரவு கிடைக்கிற வரைக்கும் வீட்டைத் தொடக்கூடாதுன்னு மனு போடலாங்க. அம்மா பேர்ல போட்டா நிக்குமான்னு சொல்ல முடியாது. ஆனா லிஸ்ட்ல நீங்க இருக்கீங்க. டயர்க்கடைக்காரங்களுக்கு எவ்வளவு உரிமை இருக்கோ, அவ்வளவு உங்களுக்கும் இருக்கு. நீங்க போடுங்க” என்றார்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். பிரமாணப் பத்திரத்தைத் தட்டச்சு செய்து கையில் கொடுத்தார். என் தகப்பனார் மேற்படி ஏழு பவுன் சங்கிலியை எனக்குத் திருப்பித் தரவில்லை, அந்தக் கடன் இன்றுவரை நிலுவையில் உள்ளது என்று சத்தியம் செய்து கூறுகிறேன். இப்படி இருக்கிறது அதில். இந்த வரியை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. “நிலுவை இல்லன்னா நீங்க கடன் குடுத்தவங்களே இல்லீங்களே. அப்புறம் எந்தத் தகுதியில மனு போடறது?” என்றார். நியாயமான கேள்விதான்.

அவரிடம் எப்படிச் சொல்வேன்? திருச்சி ஆஸ்பத்திரியில் உங்கள் கடைசி வாரம். மூக்கில் குழாய். அம்மா இட்லி வாங்கக் கீழே போயிருந்தாள். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் கழுத்தைப் பார்த்தீர்கள். “தனம், அந்தச் சங்கிலி...” என்று ஆரம்பித்தீர்கள். நான் முடிக்க விடவில்லை. “எனக்கு நீங்க ஒண்ணும் தர வேணாம்ப்பா. எல்லாம் தீந்துடுச்சு. தூங்குங்க” என்றேன். என் கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டீர்கள். அப்புறம் நீங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

நாளைக் காலை பெரம்பலூர் போய்க் கையெழுத்துப் போடப்போகிறேன். போடாமல் இருக்க வழி தேடித்தான் இத்தனை நேரம் உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வழி கிடைக்கவில்லை. என் உயிர் இருக்கும்வரை அம்மாவை அந்த வீட்டிலிருந்து யாரும் வெளியே அனுப்ப விடமாட்டேன், இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. அதற்காக, எங்கப்பா எனக்குத் தர வேண்டியது பாக்கி இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சத்தியம் செய்வேன்.

அந்தச் சத்தியம் பொய்யப்பா. ஆஸ்பத்திரியில் சொன்னதுதான் நிஜம்.

உங்கள் ஒரே மகள்,
தனம்