புதன் மதியம் விடுமுறை

ஏங்க,

படுக்கையறைக் கதவைத் தட்டாதீங்க, உள்ள நான் தூங்கறேன். சாப்பாடு அடுப்பு மேல மூடி இருக்கு.

நேத்து உங்களைக் கொஞ்சம் அதிகமாவே திட்டிட்டேன். பின்ன என்ன? மூணு வாரமா புதன்கிழமை மத்தியானம் ஒரு சைக்கிள்கூட ரிப்பேருக்கு வரலையேன்னு நான் கடையில ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க என்னடான்னா, நம்ம கடை வெப்சைட்ல 'புதன் மதியம் விடுமுறை'ன்னு போட்டு வெச்சிருக்கீங்க. கேட்டா, "முழங்கால் வீங்கியிருக்கு, ஓய்வெடுன்னு உன்கிட்ட சொல்லி அலுத்துப்போச்சு. அதான் ஊருக்கே சொல்லிட்டேன்"னு பதில் வேற.

வெப்சைட்ல தப்பான நேரம் இருக்கக் கூடாதுன்னு கத்தினேன் இல்ல? இப்பவும் அதையேதான் சொல்றேன். அதனால இன்னைக்கு ஒரு மணிக்கே ஷட்டரை இறக்கிட்டேன். இனிமே அதுல இருக்கறது சரிதான், கை வைக்காதீங்க.

நாலு மணிக்கு டிராயிங் டீச்சர் வருவாங்க. மாடிப்படிக்குக் கீழ இருக்கற பச்சை சைக்கிள் அவங்களோடது. சாவி ஆணியில தொங்குது.

பி.கு.: வெப்சைட்ல இருக்கற போன் நம்பர் என்னோடது. இதுக்குள்ள ரெண்டு பேர் கூப்பிட்டாச்சு. போனை உங்க தட்டு பக்கத்துல வெச்சிருக்கேன். யார் கூப்பிட்டாலும், கடைக்காரம்மா தூங்கறாங்கன்னு சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க.