பிரின்சிபால் குடித்த தண்ணீர்

மார்ச் 4
‘நடந்ததை ஊடகம் காட்டுகிறதா, ஊடகம் காட்டுவதால் நடக்கிறதா?’ சமூகவியல் வகுப்பில் இதைப் பாடமாக நடத்தினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். அதனால் பொய்ச் செய்தி ஒன்றைத் தயாரித்து வரச் சொல்லியிருந்தேன். மூன்று மாணவிகள் விளையாட்டு விழாக் கூச்சல் வீடியோவை வெட்டி ஒட்டி, ‘ஹாஸ்டல் தண்ணீரில் புழு! மாணவிகள் கொந்தளிப்பு!’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வயிறு வலிக்கச் சிரித்தேன். கெட்டிக்காரிகள்.

மார்ச் 6
யாரோ அதை வெளியே அனுப்பிவிட்டார்கள். டிவியில் ஓடுகிறது! அம்மா போனில் அலறினாள்.
“ஏண்டி, உங்க காலேஜ்ல கலவரமாமே?”
“காலேஜ்லதாம்மா இருக்கேன். இங்க ஒரு ஈ காக்கா இல்ல.”
“நீ சும்மா இரு. நான் கண்ணால பாத்துட்டுதானே இருக்கேன்!”

மார்ச் 7
டிவியில் தங்களைப் பார்த்துவிட்டு, ஹாஸ்டல் மொத்தமும் இன்று நிஜமாகவே வாசலுக்கு வந்துவிட்டது. தண்ணீர் நாறுகிறது என்று ஒரு வருடமாகச் சொன்னார்களே, யார் காதில் வாங்கினார்கள்? கொந்தளிப்புதான் பொய். புழு பொய்யில்லை.

மார்ச் 8
பிரின்சிபால் கேமரா முன்னால் ஒரு டம்ளர் ‘ஹாஸ்டல் தண்ணீர்’ குடித்துக் காட்டினார். கடையில் வாங்கிய பாட்டிலிலிருந்து ஊற்றியதை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பிறகு அறைக்குக் கூப்பிட்டார்.
“உங்க கிளாஸ்ல செஞ்சதுதான்னு தெரியும் மேடம். யார் யாருன்னு சொல்லிடுங்க. இல்லேன்னா பழி உங்க தலையிலதான்.”
“விழட்டும் சார்.”

வீட்டுக்கு வந்தால் கணவர், “பேரைச் சொல்லிட்டு நிம்மதியா இரேன். உனக்கென்ன வந்தது?” என்கிறார். எனக்கென்ன வந்ததா? பிள்ளைங்க கையில டி.சி.யைக் குடுத்துத் துரத்துவாங்க, நான் கைகட்டி வேடிக்கை பாக்கணுமா? முடியாது. முடியவே முடியாது.

மார்ச் 9
சொல்ல மாட்டேன்.

மார்ச் 12
விசாரணை. ஹாஸ்டல் குழாயில் பிடித்த தண்ணீரை ஒரு டம்ளரில் கொண்டுபோய் பிரின்சிபால் முன்னால் வைத்தேன்.
“டிவியில குடிச்சீங்களே, அதே தண்ணிதான் சார். குடிங்க.”
“என்ன மேடம், கிண்டலா?”
விசாரணைக் குழுவில் இருந்த பெரியவர் டம்ளரை எடுத்து முகர்ந்தார். முகம் சுளித்து வைத்துவிட்டார். வேறு யாரும் தொடவில்லை.
“செய்யச் சொன்னது நான். அதை மட்டும் எழுதிக்கோங்க” என்று எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 15
சஸ்பெண்ட். வகுப்பில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லையாம். அந்த மூவரும் பரீட்சை எழுதுகிறார்கள்.

மார்ச் 17
காலையில் ஹாஸ்டல் பெண் ஒருத்தி போன் செய்தாள். “மேடம், தொட்டியைக் கழுவுறாங்க!”
“டிவிக்காரங்க வந்திருக்காங்களா?”
“யாருமே இல்ல மேடம். நாங்கதான் சுத்தி நின்னு பாத்துட்டிருக்கோம்.”
“கண்ணை எடுக்காம பாருங்கடி” என்றேன்.