மழையில் நனைந்த சீயக்காய்ப் பெட்டி

வெள்ளிக்கிழமை, ஐப்பசி மாதம்.

பேத்தி கயல் நாளை கல்லூரியில் காட்ட வேண்டிய ஒரே பெட்டியை நான் கெடுத்துவிட்டதாகவே நினைத்தேன். பிளாஸ்டிக் இல்லாமல், சோளத்தட்டையை அரைத்து, கரியாலூர் தேன்மெழுகு பூசிச் செய்தது. உள்ளே சீயக்காய்த் தூள் இருந்தது. வண்டு விழுந்துவிடும் என்று மூடிய பெட்டியோடு மாடி வெயிலில் வைத்துவிட்டு வடக்கனந்தல் போனேன். திரும்புவதற்குள் மழை கொட்டித் தீர்த்துவிட்டது.

"இன்னா ஆயா, இப்டி பண்ணிட்ட!" என்று கயல் மாடிக்கு ஓடினாள். மூடியைத் திறந்தாள். தூள் பொலபொலவென்று காய்ந்தே கிடந்தது.

"வீணாப்பூடும்னு தண்ணி ஊத்திப் பாக்கவே பயந்துக்கினு இருந்தேன், ஆயா!"

"வாத்தியாருங்க கேட்டா இன்னா சொல்லுவ?"

"எங்க ஆயா மழையிலயே வச்சுப் பாத்துடுச்சுன்னு சொல்லுவேன்."

என் பேத்தி செய்ததாயிற்றே, ஒழுகுமா? பெட்டி இப்போது பீரோவுக்குள் இருக்கிறது. சாவி என்னிடம் வேண்டாமென்று அவளிடமே கொடுத்துவிட்டேன்.